விஎம் "ரன்னிங்"னு காட்டுது, உள்ள பூட் முடிஞ்சுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

கேள்வி: பீடோர்லருந்து ஒரு வாசகர்
11 நவம்பர் 2024, இரவு 9.12

அண்ணே, ஒரு டவுட்டு. எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு சர்வர், அதுல ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம் ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டு மூனு விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓடுது. டேட்டாபேஸ் விஎம்ம ஸ்டார்ட் பண்ண ஒரு ஸ்க்ரிப்ட் எழுதியிருக்கேன். ஸ்டேட்டஸ் கேட்டா உடனே "ரன்னிங்"னு சொல்லுது, அடுத்த வரியில எஸ்எஸ்எச் (தூரத்துலருந்து லாகின்) பண்ணா கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட். இப்ப ஸ்லீப் 60 போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன், சில நாள் சரியா வருது, சில நாள் பத்தல. பூட் முடிஞ்சுச்சுன்னு கரெக்டா சொல்ற ஒரே கமாண்டு இருக்கா இல்லையா லா? எல்லாரும் பிங் பண்ணிப் பாருங்கறாங்க, அது போதுமா?

11 நவம்பர், இரவு 10.05

தம்பி, ஒரே கமாண்டுன்னு ஒன்னு கிடையாது. இருக்கவும் முடியாது.

ஹோஸ்ட், அதாவது விஎம்முங்கள சுமக்கற நிஜ சர்வர், "ரன்னிங்"னு சொன்னா விஎம்ம ஓட்டற க்யூஎம்யூ ப்ராசஸ் உசுரோட இருக்கு, விர்ச்சுவல் சிபியு ஓடுது, அவ்ளோதான் அர்த்தம். மெஷின் எழும்பற மொத கட்டமான பயாஸ்ல நின்னாலும் ரன்னிங்தான். எந்த ஓஎஸ்னு கேக்கற க்ரப் மெனுல யாராச்சும் ஒரு கீய தட்டிட்டு போயிட்டாங்கன்னா அது அங்கயே நிக்கும், அதுவும் ரன்னிங்தான். கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) பேனிக் ஆகி ஒறைஞ்சு கெடக்கும், அப்பவும் பெரும்பாலும் ரன்னிங்னுதான் காட்டும். லிப்வர்ட்ல (விஎம்முங்கள நிர்வாகம் பண்ற இன்னொரு சாஃப்ட்வேர்) "விர்ஷ் டாம்ஸ்டேட்" போட்டாலும் இதே கதைதான். நிஜ கம்ப்யூட்டர்ல பவர் லைட்டு எரியறத பாத்துட்டு விண்டோஸ் வந்துடுச்சுன்னு நம்ம சொல்றதில்ல இல்ல?

வெளியிலருந்து பாத்து சொல்ல முடியாது, உள்ள இருக்கறதுகிட்டதான் கேக்கணும். கேக்கறதுக்கு முன்னாடி நீ முடிவு பண்ண வேண்டியது ஒன்னு இருக்கு: பூட் முடிஞ்சதும் அடுத்து என்ன செய்யப் போற? எஸ்எஸ்எச்ல உள்ள போகணுமா, டேட்டாபேஸ் பேசணுமா, வெப் பேஜ் வரணுமா? ஒவ்வொன்னுக்கும் பதில் வேற.

கமாண்டு எல்லாம் தமிழ்லயே அடிக்கறேன், வாய்விட்டு படிச்சா தெரிஞ்சிடும்.

11 நவம்பர், இரவு 10.31

பிங் பத்தி கேட்டிருந்த. போதாது. பிங்குக்கு பதில் சொல்றது கர்னல். நெட்வொர்க் கார்டுக்கு ஐபி கெடைச்ச அந்த நிமிஷமே பதில் வர ஆரம்பிச்சிடும், எஸ்எஸ்எச் இன்னும் எழுந்திருக்கவே இல்லன்னாலும். சில செட்டப்புல இனிட்ராம்எஃப்எஸ்ங்கற ஆரம்ப பூட் கட்டத்துலயே ஐபி போட்டுக்கும், அப்ப ரூட் டிஸ்க்க மவுன்ட் பண்றதுக்கு முன்னாடியே பிங் ஜம்முன்னு போகும்.

பிங் போகலைன்னா இன்னும் தயாரில்லன்னு சந்தேகப்படலாம், அதுவும் ஃபயர்வால் பிங்க தடுக்கலன்னு தெரிஞ்சா மட்டும். போச்சுன்னா அதுலருந்து ஒன்னும் தெரியாது.

12 நவம்பர், காலை 7.20

ராத்திரி ரெண்டு பேரு "இதுக்கெல்லாம் ஏன் இவ்ளோ பேச்சு, ஸ்லீப்ப 300 ஆக்கிட்டு போக வேண்டியதுதானே"ன்னு எழுதியிருந்தாங்க. இது எனக்கு ஏன் முக்கியம்னு சொல்லிடறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை மில்லுக்கு கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன். இந்த மாசம் எப்படி இருக்கும்னு பேராக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. மத்தியானம் மூனு நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வரும், இடி இறங்கும், கரண்டு போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் எல்லாம் ஒரேடியா ஆஃப். கரண்டு திரும்பி வந்தா ஹோஸ்ட் மொதல்ல எழும்பும், பின்னால விஎம்முங்க எழும்பும். அந்த நேரம் பாத்து தோட்டத்துலருந்து குலை ஏத்திக்கிட்டு லோரி வந்து எடை மேடைல ஏறி நிக்கும். எடை போடற ப்ரோக்ராம் விண்டோஸ் விஎம்ல இருக்கு, டிக்கெட் நம்பர் வர்றது டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) விஎம்ல ஓடற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்லருந்து. டேட்டாபேஸ் எழும்பறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் எழும்பிட்டா "கனெக்ஷன் எர்ரர்"னு ஒரு பெட்டிய போட்டுட்டு அப்படியே நின்னுடும், தானா மறுபடி ட்ரை பண்ணாது. எடை ரூம்ல இருக்கற கிராணி அக்கா மேசை டிராயர்லருந்து கார்பன் வெச்ச பில் புக்க எடுத்து, லோரி நம்பர், மொத்த எடை, டிவிஷன் எல்லாத்தையும் கையால எழுதி, ஜன்னல் ஓட்டை வழியா டிரைவர்கிட்ட நீட்டுவாங்க, மழை தண்ணி பட்டு மை கலங்கும். லோரி லைன் கேட்டத் தாண்டி ரோட்டுக்கு போயிடும். அறுத்த குலைய 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டெரிலைசர்ல வேக வெச்சாகணும்னு சொல்வாங்க, லேட்டாக லேட்டாக எண்ணெய்ல ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ஏறும், தரம் கொறையும். அந்த லைன்ல நிக்கற ஒவ்வொரு லோரியும் ஏற்கனவே காலைல வெட்டுன குலையத்தான் சுமந்துக்கிட்டு நிக்குது.

ப்ரோக்ராம் போட்டுக் கொடுத்தவங்க சொன்ன வழி "அஞ்சு நிமிஷம் டிலே வெய்ங்க". ப்ராக்ஸ்மாக்ஸ்ல ஸ்டார்ட்டப் ஆர்டர்னு ஒன்னு இருக்கு, "ஆர்டர்=1, அப்=300"ன்னு எழுதினா அந்த விஎம்ம ஸ்டார்ட் பண்ணி 300 செகண்டு கழிச்சுதான் அடுத்தத தொடும். அந்த 300 எப்பருந்து எண்ணுது? விஎம்ம ஸ்டார்ட் பண்ண நேரத்துலருந்து. உள்ள பூட் முடிஞ்சுச்சா இல்லையான்னு அதுக்கு ஒரு கவலையும் இல்ல. லிப்வர்ட்-கெஸ்ட்ஸ்ல இருக்கற ஸ்டார்ட் டிலேயும் அப்படித்தான்.

நல்ல நாள்ல எங்க டேட்டாபேஸ் விஎம் ஒரு நிமிஷத்துக்குள்ள தயாராயிடும். அப்ப மிச்ச நாலு நிமிஷம் வேஸ்ட்டு, லோரி சும்மா நிக்குது. கரண்டு கட்டாகி எழும்பற நாள்ல ஃபைல் சிஸ்டம் ஜர்னல திருப்பி ஓட்டணும், போஸ்ட்கிரஸ் தன்னோட வால் லாக்க (மாத்தங்கள முன்கூட்டியே குறிச்சு வெக்கற பதிவு) படிச்சு ரெக்கவரி பண்ணணும், எல்லா விஎம்மும் ஒரே டிஸ்க்க போட்டு இழுக்கும். அன்னிக்கு அஞ்சு நிமிஷமும் பத்தாம போகலாம். எந்த நாள்ல நமக்கு அந்த டிலே தேவையோ அந்த நாள்லதான் அது காலை வாரும். அதனாலதான் ஸ்லீப் வேணாங்கறேன்.

12 நவம்பர், மத்தியானம் 1.10

சோத்துக்கு வந்த நேரத்துல சின்னதா ஒன்னு.

பழைய ரப்பர் தோட்டத்துல காலைல இருட்டோட பெரட்டு நடக்கும். கிராணி பேர கூப்பிடுவாரு, ஆளு "இருக்கேன்"னு குரல் குடுக்கும், புக்குல டிக் விழும். அந்த டிக்கு ஆளு வந்திருக்குன்னுதான் சொல்லும். நெரைக்குப் போயி மொத மரத்துல கத்தி வெச்சாச்சான்னு கூட இருந்து மேற்பார்வை பாக்கற மண்டோருக்குத்தான் தெரியும். பிங், பின்னால சொல்லப்போற ஏஜென்ட் பிங், ஹார்ட்பீட் எல்லாம் பெரட்டு டிக்கு. நமக்கு வேண்டியது மண்டோர்கிட்ட இருக்கற தகவல்.

12 நவம்பர், இரவு 9.40

இப்ப நிஜ வேலைக்கு வருவோம். க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட். விஎம் உள்ள ஓடற ஒரு சின்ன சர்வீஸ். ஹோஸ்ட்டோட இது பேசறது நெட்வொர்க் வழியா இல்ல, விர்ட்டியோ-சீரியல்னு ஒரு தனி வாய்க்கால் வழியா. இதுல பெரிய லாபம், ஐபி வராட்டியும் பேசும், ஃபயர்வால் தொல்லை இல்ல, டிஎச்சிபி (ஐபி குடுக்கற சர்வீஸ்) குடுத்த பழைய லீஸ பாத்து ஏமாற வேண்டியதும் இல்ல. (லீஸ் ஃபைல்ல பேரு இருக்குன்னா விஎம் எழுந்துடுச்சுன்னு சிலர் எழுதறாங்க, போன தடவை வாங்குன லீஸ்கூட அங்க உக்காந்திருக்கும், கவனம்.)

செய்ய வேண்டியது: விஎம் உள்ள "க்யூஎம்யூ-கெஸ்ட்-ஏஜென்ட்" பேக்கேஜ போடு, ப்ராக்ஸ்மாக்ஸ் ஆப்ஷன்ல ஏஜென்ட்ட எனேபிள் பண்ணு, அப்புறம் விஎம்ம முழுசா ஷட்டவுன் பண்ணி திருப்பி ஸ்டார்ட் பண்ணு. உள்ளருந்து ரீபூட் அடிச்சா பத்தாது, அந்த சீரியல் டிவைஸ் க்யூஎம்யூ புதுசா கெளம்பறப்பதான் சேரும். நெறைய பேரு இங்க மாட்டிக்கிட்டு ஏஜென்ட் வேலை செய்யலன்னு விட்டுடறாங்க.

அப்புறம் ஹோஸ்ட்ல "க்யூஎம் ஏஜென்ட் 101 பிங்" (101ங்கறது விஎம்மோட நம்பர்). பதில் வரலைன்னா எர்ரரோட வெளிய வரும், வந்தா சைலன்ட்டா சக்சஸ். லூப்புல போட்டு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை கேளு. லிப்வர்ட்காரங்களுக்கு லூப்பே வேணாம், "விர்ஷ் ஈவென்ட்"ல ஏஜென்ட்-லைஃப்சைக்கிள்னு ஒரு ஈவென்ட் இருக்கு, ஏஜென்ட் கனெக்ட் ஆனதும் அதுவே தட்டி சொல்லும்.

இதோட நிறுத்திடாத. டெபியன் மாதிரி சிஸ்டத்துல அந்த சீரியல் போர்ட் டிவைஸ் கண்ணுல பட்ட உடனே ஏஜென்ட் எழும்பிடும், மத்த சர்வீஸ் முடியற வரைக்கும் காத்திருக்காது. ஏஜென்ட் பதில் சொல்லுதுன்னா "இனி உள்ள கேள்வி கேக்கலாம்"னு அர்த்தம். கேள்வி இனிமேதான்.

12 நவம்பர், இரவு 10.22

அந்த கேள்வி: "சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங் --வெயிட்".

சிஸ்டம்டி (பூட்ல சர்வீஸ எல்லாம் கெளப்பற ப்ரோக்ராம்) ஓடற எந்த லினக்ஸ்லயும் இது இருக்கு, வெயிட் ஆப்ஷன் மட்டும் 240ஆம் வெர்ஷன்ல வந்தது. பூட் நடந்துக்கிட்டு இருக்கறப்ப "இனிஷியலைசிங்", அப்புறம் "ஸ்டார்ட்டிங்", வரிசைல இருக்கற வேலை எல்லாம் முடிஞ்சா "ரன்னிங்". வெயிட் போட்டா முடியற வரைக்கும் தானே காத்திருந்து பதில் சொல்லும், நீ லூப் சுத்த வேணாம். ஏஜென்ட் வழியாவே அனுப்பலாம்: "க்யூஎம் கெஸ்ட் எக்ஸெக் 101 -- சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங் --வெயிட்". இந்த எக்ஸெக்குக்கு டைம்அவுட் டீஃபால்ட்டா 30 செகண்டுதான், டைம்அவுட் ஆப்ஷன் போட்டு ஏத்திக்க. பதில் ஜேசன்ல வரும், அதுல எக்ஸிட்கோடுன்னு இருக்கறதுதான் உள்ள ஓடுன கமாண்டோட பலன், அத எடுத்து படி.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்க. இந்த கமாண்ட பூட்டோட பங்கா ஓடற ஒரு சர்வீஸுக்குள்ள போட்டுடாத. பூட் முடியட்டும்னு அது காத்திருக்கும், அது முடியட்டும்னு பூட் காத்திருக்கும், ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துக்கிட்டு நிக்கும்.

13 நவம்பர், காலை 6.50

தம்பி ராத்திரி ட்ரை பண்ணிட்டு "அண்ணே, டீகிரேடட்னு வருது, எக்ஸிட்கோடு 1, ஸ்க்ரிப்ட் ஃபெயில் ஆகுது, ஆனா விஎம் நல்லாத்தான் இருக்கு"ன்னு எழுதியிருக்கு.

டீகிரேடட்னா பூட் முடிஞ்சிடுச்சு, ஆனா ஏதோ ஒரு யூனிட் (சர்வீஸ், மவுன்ட் மாதிரி ஒரு வேலை) ஃபெயில் ஆகியிருக்கு. "சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்" போட்டா எதுன்னு காட்டும். இல்லாத ஷேர மவுன்ட் பண்ணப் பாத்திருக்கும், எப்பவோ கழட்டுன நெட்வொர்க் கார்ட தேடியிருக்கும், அந்த மாதிரி. "ரன்னிங்" வந்தா மட்டும்தான் எக்ஸிட்கோடு பூஜ்யம், மத்தது எல்லாம் ஃபெயில் கணக்குல வரும். உன் ஸ்க்ரிப்ட் எக்ஸிட்கோட பாக்கறத விட்டுட்டு வந்த வார்த்தைய பாக்கட்டும்: ரன்னிங் இல்ல டீகிரேடட், ரெண்டுக்கும் பூட் முடிஞ்சாச்சு.

ஆனா டீகிரேடட சும்மா முழுங்கிட்டு போகாத. இன்னிக்கு ஃபெயில் ஆனது உனக்கு தேவையில்லாத சர்வீஸா இருக்கலாம், நாளைக்கு அது போஸ்ட்கிரஸா இருந்தாலும் இதே வார்த்தைதான் வரும்.

13 நவம்பர், காலை 7.05

இன்னொன்னு, உன் பூட் ரெண்டு நிமிஷம் சும்மா நிக்குதுன்னு சொன்ன இல்ல, "நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்" எனேபிள் ஆகியிருக்கான்னு பாரு. அதோட டீஃபால்ட் டைம்அவுட் 120 செகண்டு. கேபிள் இல்லாத ஒரு இன்டர்ஃபேஸுக்காக அது முழுசா காத்திருந்துட்டு அப்புறம் ஃபெயில் ஆகும். ரெண்டு நிமிஷமும் டீகிரேடடும் சேந்து வந்தா மொதல்ல இங்க கை வெய்.

13 நவம்பர், இரவு 8.15

இன்னிக்கு மழை இல்ல, எடை மேடை நிம்மதி. ஒட்டுக்கடைல தே தாரிக் வாங்கி வெச்சுக்கிட்டு இத அடிக்கறேன்.

எஸ்எஸ்எச் போர்ட் தெறந்திருக்கான்னு பாத்தா போதும்னு சிலர் எழுதியிருக்காங்க. "என்சி -இசட்" போட்டு போர்ட் 22 தெறந்திருந்தா முடிஞ்சுதுன்னு. விஎம் நேரா ஆபீஸ் நெட்வொர்க்ல சேர்ற ப்ரிட்ஜ் நெட்வொர்க்ல, உள்ள போறது மட்டும்தான் வேலைன்னா, இது மோசமில்ல. ரெண்டு எடத்துல மட்டும் ஏமாத்தும்.

மொதலாவது, க்யூஎம்யூவோட யூசர் மோட் நெட்வொர்க்ல ஹோஸ்ட்ஃப்வர்ட் போட்டு, ஹோஸ்ட்டோட 2222ஆம் போர்ட்ட உள்ள 22க்கு திருப்பி விட்டிருந்தா, அந்த 2222ல காது குடுத்துக்கிட்டு இருக்கறது விஎம் இல்ல, க்யூஎம்யூ. விஎம் பயாஸ்ல இருக்கறப்பவே அந்த போர்ட் கனெக்ஷன வாங்கிக்கும். என்சி "ஓப்பன்"னு சொல்லும், உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது. அதனால போர்ட்ட தட்டுனா பத்தாது, பேனர படிக்கணும், "எஸ்எஸ்எச்-2.0"ன்னு ஆரம்பிக்கற வரி வந்தாத்தான் உள்ள எஸ்எஸ்எச்டி நிஜமா பேசுது.

ரெண்டாவது, பேனர் வந்த பிறகும் லாகின் ஆகாம போகலாம். பூட் நடக்கறப்ப "ரன்" டைரக்டரில "நோலாகின்"னு ஒரு ஃபைல் இருக்கும், அது இருக்கற வரைக்கும் ரூட்ட தவிர யாரையும் பாம் (லாகின் அனுமதிய பாக்கற பகுதி) உள்ள விடாது, "சிஸ்டம் இஸ் பூட்டிங் அப்"னு ஒரு மெசேஜ காட்டி வெளிய தள்ளிடும். சிஸ்டம்டி-யூசர்-செஷன்ஸ் சர்வீஸ் வந்துதான் அந்த ஃபைல எடுக்கும். தம்பி, உன் ஸ்க்ரிப்ட் சில நாள் பாஸ்வேர்ட் தப்பு மாதிரி ஃபெயில் ஆகுதுன்னியே, ரூட் இல்லாத யூசர்னா இதையும் சந்தேகப்படு.

எஸ்எஸ்எச்ல சரியான சோதனை, அதே யூசர் அதே கீ வெச்சு உள்ள போயி "ட்ரூ"ன்னு ஒரு கமாண்ட ஓட்டிப் பாக்கறதுதான். அது பூஜ்யத்தோட திரும்பி வந்தா உள்ள போக வழி இருக்கு. டேட்டாபேஸ் பத்தி அதுக்கு இன்னும் ஒன்னும் தெரியாது.

13 நவம்பர், இரவு 9.02

சீரியல் கன்சோல்ல "லாகின்:" வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கறதும் ஒரு பழைய வழி, ஏஜென்ட் போட முடியாத விஎம்முக்கு, ரவுட்டர் இமேஜ் மாதிரி, அது இன்னும் உதவும். ஆனா லினக்ஸ்ல அந்த லாகின் வரி பூட்டோட கடைசி வரி கிடையாது. கெட்டிய (லாகின் வரிய காட்டற ப்ரோக்ராம்) ஓட்டற சர்வீஸோட டைப் "ஐடில்". மத்த வேலை முடியட்டும்னு அது கொஞ்சம் ஒதுங்கி நிக்கும், ஆனா அதிகபட்சம் 5 செகண்டுதான், அப்புறம் யாரு முடிச்சாலும் முடிக்காட்டியும் லாகின் வரிய போட்டுடும்.

14 நவம்பர், இரவு 9.30

ஈப்போலருந்து ஒரு அக்கா நல்லா எழுதியிருக்காங்க, அவங்க பாக்கறது விஎம்வேரும் ஹைப்பர்-வியும். ஹைப்பர்-வில பவர்ஷெல்லுக்கு "வெயிட்-விஎம்"னு ஒரு கமாண்டே இருக்கு, ஹார்ட்பீட்டுக்காகவும் காத்திருக்கலாம், ஐபி அட்ரஸுக்காகவும் காத்திருக்கலாம். விஎம்வேர்ல டூல்ஸ் ஓடுதா, ஹார்ட்பீட் பச்சையா மஞ்சளா சிவப்பான்னு பாக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ்ல கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருந்தா "கெஸ்ட்கன்ட்ரோல் வெயிட்ரன்லெவல்" இருக்கு, சிஸ்டம், யூசர்லேண்ட், டெஸ்க்டாப்னு மூனு படி. இந்த மூனு படி எனக்கு ரொம்ப பிடிச்சுது, பூட் முடியறதுங்கறது ஒரே புள்ளி இல்லன்னு அந்த ப்ரோக்ராம் எழுதினவங்க ஒத்துக்கறாங்க.

அக்கா "ஹார்ட்பீட் வந்தா போதும், நான் அதோட நிறுத்திடுவேன்"னு எழுதியிருக்காங்க. அக்கா, உங்க விஎம் உள்ள ஓடற அப்ளிகேஷன் டேட்டாபேஸ் வரலைன்னாலும் தானா மறுபடி மறுபடி ட்ரை பண்ற வகைன்னா நீங்க சொல்றது சரி. எங்க எடை ப்ரோக்ராம் அப்படி இல்ல, ஒரு தடவை விழுந்தா விழுந்ததுதான். நல்ல ப்ரோக்ராம் எழுதறவங்க டேட்டாபேஸ் லேட்டா வரும்னு எதிர்பாத்துத்தான் எழுதணும். இந்த இழையோட பாதி பிரச்சனை அங்கயே தீந்திருக்கும். மில்லுல இருக்கறத மாத்தச் சொல்லி கேட்டாச்சு, வரலை, அதனால நம்ம பக்கம்தான் கட்டணும்.

14 நவம்பர், இரவு 9.58

விண்டோஸ் பத்தி ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. ஏஜென்ட் விண்டோஸுக்கும் உண்டு, விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓல இருக்கு. ஏஜென்ட் பிங் வந்தும் உங்க சர்வீஸ் வரலைன்னா பதறாதீங்க, விண்டோஸ்ல "ஆட்டோமேட்டிக், டிலேட் ஸ்டார்ட்"னு போட்ட சர்வீஸ் எல்லாம் மத்ததுக்கு அப்புறம் ஏறத்தாழ ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் கெளம்பும். சிஸ்ப்ரெப் பண்ண (காப்பி போடறதுக்கு தயார் பண்ண) இமேஜ்னா மொத தடவை நடுவுல தானே ரீபூட் ஆகும், அந்த நேரம் ஹார்ட்பீட் வந்து போயி மறுபடி வரும். அங்க ரெஜிஸ்ட்ரில இமேஜ்ஸ்டேட்ங்கற வேல்யூ "இமேஜ் ஸ்டேட் கம்ப்ளீட்"னு மாறுச்சான்னு பாக்கணும்.

15 நவம்பர், மாலை 6.40

மத்தியானம் நல்ல இடி. கரண்டு போயி வந்துச்சு. அதனால இப்ப சூடா எழுதறேன், இதுதான் இந்த இழைலயே எனக்கு முக்கியமான குறிப்பு.

சிஸ்டம்டி "ரன்னிங்"னு சொல்றதும் டேட்டாபேஸ் தயார்ங்கறதும் ஒன்னு இல்ல. டெபியன்ல "போஸ்ட்கிரஸ்க்யூஎல் சர்வீஸ்" ஸ்டேட்டஸ் பாத்தா "ஆக்டிவ், எக்ஸிட்டட்"னு பச்சைல காட்டும். அத பாத்து டேட்டாபேஸ் ஓடுதுன்னு நம்பிடாதீங்க, அது வெறும் மேல் மூடி, அதுக்குள்ள ஓடறது "ட்ரூ" மட்டும்தான். நிஜமா ஓடறது "போஸ்ட்கிரஸ்க்யூஎல் அட் 15-மெயின்" மாதிரி அட் குறி போட்ட இன்னொரு யூனிட், பாக்கறதுன்னா அத பாக்கணும்.

அதுவும் ஓடுது, போர்ட் 5432 தெறந்திருக்கு, ஆனா ரெக்கவரி நடந்துக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல கனெக்ட் பண்றவங்களுக்கு "டேட்டாபேஸ் சிஸ்டம் இஸ் ஸ்டார்ட்டிங் அப்"னு சொல்லி மூஞ்சில கதவ சாத்தும். எங்க எடை ப்ரோக்ராம் நிக்கறது சரியா இங்கதான். இதுக்குன்னே "பிஜி இஸ்ரெடி"ன்னு ஒரு கமாண்டு வருது: எக்ஸிட்கோடு 0ன்னா கனெக்ஷன வாங்கிக்கும், 1ன்னா ஆள் இருக்கு ஆனா வாங்க மாட்டேங்குது, 2ன்னா பதிலே இல்ல. இந்த 1க்கும் 2க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தங்கம். 1ன்னா பொறுமையா இரு, ரெக்கவரி நடக்குது, தொடாத. 2 ரொம்ப நேரம் நீடிச்சா போயி பாரு.

மைசீக்வல் வெச்சிருக்கறவங்களுக்கு: "மைசீக்வல்அட்மின் பிங்" பாஸ்வேர்ட் தப்பா இருந்தாலும் சக்சஸ்னுதான் திரும்பும், சர்வர் இருக்குங்கறத மட்டும் அது சொல்லும்.

ஹோஸ்ட்ல ப்ராக்ஸ்மாக்ஸோட ஆட்டோ ஸ்டார்ட்ட ரெண்டு விஎம்முக்கும் எடுத்துட்டு, ஒரு சின்ன ஸ்க்ரிப்ட்ட சர்வீஸா போட்டிருக்கேன். டேட்டாபேஸ் விஎம்ம ஸ்டார்ட் பண்ணும், ஏஜென்ட் பிங்குக்கு காத்திருக்கும், இஸ்-சிஸ்டம்-ரன்னிங் கேக்கும், பிஜி இஸ்ரெடி 0 வர்ற வரைக்கும் நிக்கும், கடைசியா எடை ப்ரோக்ராம் எந்த யூசர்ல போகுதோ அதே யூசர்ல டிக்கெட் டேபிள்லருந்து ஒரே ஒரு வரிய செலக்ட் பண்ணிப் பாக்கும். அந்த வரி வந்தாத்தான் விண்டோஸ் விஎம் கெளம்பும். இன்னிக்கு கரண்டு வந்ததும் ஓடிப்போயி எடை ரூம்ல நின்னேன். மொதல்ல கறுப்பு ஸ்க்ரீன், அப்புறம் விண்டோஸ், அப்புறம் ப்ரோக்ராம், டிக்கெட் நம்பர் கட்டத்துல நேரா அடுத்த நம்பர். அக்கா டிராயர தெறக்கவே இல்ல.

15 நவம்பர், இரவு 10.10

தம்பி கேட்டது: "அப்ப கடைசி செலக்ட் மட்டும் போதுமே, முன்னாடி இருக்கற மூனு படி எதுக்கு?"

நல்ல கேள்வி. பூட் முடிஞ்சுச்சான்னு தெரிய செலக்ட் மட்டும் போதும்தான். படிப்படியா கேக்கறது, முடியாத நாள்ல எங்க நிக்குதுன்னு தெரியறதுக்கு. லாக்ல "ஏஜென்ட் வந்தது, சிஸ்டம்டி ஸ்டார்ட்டிங், பிஜி 1"ன்னு இருந்தா வீட்டுல உக்காந்தே தெரியும், ரெக்கவரி நடக்குது, மோட்டார எடுத்துக்கிட்டு மழைல மில்லுக்கு ஓட வேணாம்.

16 நவம்பர், காலை 10.15

ரீபூட் பத்தி யாரும் இன்னும் கேக்கலை, நானே சொல்லிடறேன், ஏன்னா இங்க நெறைய ஸ்க்ரிப்ட் ஏமாறுது. ஓடிக்கிட்டு இருக்கற விஎம்ம ரீபூட் பண்ணிட்டு உடனே "தயாரா?"ன்னு கேட்டா, இன்னும் ஷட்டவுன் ஆகாத பழைய சிஸ்டமே "தயார்"னு பதில் சொல்லிடும். ஸ்க்ரிப்ட் சந்தோஷமா அடுத்த வேலைக்குப் போகும், பாதில கால் வழுக்கும். இதுக்கு லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு பூட்டுக்கும் புதுசா ஒரு ஐடி போடுது, "ப்ராக்/சிஸ்/கெர்னல்/ரேண்டம்/பூட்ஐடி"ல பாக்கலாம், பூட்டுக்கும் ஐடிக்கும் நடுவுல அண்டர்ஸ்கோர். ரீபூட்டுக்கு முன்னாடி அத படிச்சு வெச்சுக்க, வேற ஐடி வந்த பிறகு மட்டும் தயாரான்னு கேளு. அன்சிபிளோட (சர்வர் வேலைய தானா செய்யற டூல்) ரீபூட் மாட்யூலும் லினக்ஸ்ல இதத்தான் பாக்குது.

மெமரியோட எடுத்த ஸ்னாப்ஷாட்ட ரீஸ்டோர் பண்ணா ஐடி மாறாது, அங்க பூட்டே நடக்கலை. அதுக்கு இந்த சோதனை ஒத்து வராது.

16 நவம்பர், காலை 11.00

க்ளவுட் இமேஜ் வெச்சு புது விஎம் உருவாக்கறவங்களுக்கு: மொத பூட்ல க்ளவுட்-இனிட் பேக்கேஜ் போடும், யூசர் போடும், அது நடக்கறப்பவே எஸ்எஸ்எச் தெறந்திருக்கும். உள்ள போயி "க்ளவுட்-இனிட் ஸ்டேட்டஸ் --வெயிட்" போட்டு காத்திருங்க. அதுலயே ஃபோன்-ஹோம்னு ஒரு மாட்யூல் இருக்கு, முடிஞ்சதும் நீங்க குடுத்த யூஆர்எல்லுக்கு விஎம்மே சேதி அனுப்பும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இந்த பக்கம்தான் இருக்கு, நம்ம போயி போயி கேக்காம உள்ள இருக்கறதே முடிஞ்சதும் சொல்றது. புது சிஸ்டம்டில இது இன்னும் அழகா வந்திருக்கு. விஎம்ம கெளப்பறப்பவே எஸ்எம்பயாஸ் (பயாஸ் குடுக்கற தகவல் பட்டியல்) வழியா "விஎம்எம் நோட்டிஃபை சாக்கெட்"னு ஒரு க்ரெடென்ஷியல குடுத்துட்டா, பூட் முடிஞ்சதும் சிஸ்டம்டி வீசாக் (விஎம்முக்கும் ஹோஸ்ட்டுக்கும் நடுவுல நேரடி இணைப்பு) வழியா ஹோஸ்ட்டுக்கு "ரெடி=1"னு அனுப்பும். வீசாக்ல ஹோஸ்ட்டோட நம்பர் எப்பவும் 2, ஐபி எதுவும் வேணாம். மில்லுல இருக்கற டெபியன அப்கிரேட் பண்றப்ப ஏஜென்ட் லூப்ப எடுத்துட்டு இதுக்கு மாறணும்னு இருக்கேன். செலக்ட் மட்டும் அப்படியே இருக்கும்.

17 நவம்பர், இரவு 8.50

தம்பி கடைசியா கேட்டிருக்கு: எவ்ளோ நேரம் காத்திருக்கறது, வரலைன்னா ஸ்க்ரிப்ட் என்ன செய்யணும்?

நேரத்த அளக்கறப்ப சுவர் கடிகாரத்த நம்பாத. கரண்டு போயி வந்த மெஷின்ல மதர்போர்டு பேட்டரி செத்திருந்தா டைம் எங்கயோ இருக்கும், என்டிபி (நெட்வொர்க் வழியா டைம் எடுக்கறது) வந்து சரி பண்றப்ப திடீர்னு தாவும், உன் டைம்அவுட் ஒரே செகண்டுல முடியும், இல்ல முடியவே முடியாது. அப்படி தாவாத மோனோடானிக் கிளாக்ல எண்ணு, இல்லன்னா "ப்ராக்/அப்டைம்"ல இருக்கற மொத நம்பர எடுத்துக்க.

டைம்அவுட் ஆனா விஎம்ம ரீசெட் பண்ற மாதிரி மட்டும் எழுதிடாத, கெஞ்சி கேக்கறேன். லேட்டாகற நாள் எல்லாம் பெரும்பாலும் ஜர்னலோ எஃப்எஸ்சிகேவோ (டிஸ்க் சோதனை) ரெக்கவரியோ நடக்கற நாள். அந்த நேரத்துல ரீசெட் அடிச்சா அது மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கும், மறுபடி டைம்அவுட், மறுபடி ரீசெட், ராத்திரி முழுக்க அப்படியே சுத்தும். ஆளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பு, எந்த படில நிக்குதுன்னு அதுல எழுது, அதோட நிறுத்து. நான் டெலிகிராம்ல அனுப்ப வெச்சிருக்கேன், மில் மேனேஜருக்கும் எடை ரூம் அக்காவுக்கும் சேத்து. "டேட்டாபேஸ் ரெக்கவரில இருக்கு"ன்னு வந்தா அக்கா பில் புக்க எடுத்து வெச்சுக்குவாங்க, லோரிய நிக்க வெக்க மாட்டாங்க.

உன்னோட மூனாவது விஎம் ஃபைல் சர்வர்னு சொன்ன. அத இந்த வரிசைல சேக்காத, அதுக்காக யாரும் காத்திருக்கலை, தனியா எழும்பட்டும். ஸ்க்ரிப்ட்ட இங்க ஒட்டு, பாஸ்வேர்ட எடுத்துட்டு ஒட்டு, நாளைக்கு ராத்திரி பாத்து சொல்றேன்.